வைக்கோல் போரில் ஒரு கட்டு

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்:

"எல்லா நாடும் அணுகுண்டு வச்சிக்கட்டும். அப்பத்தான் எவனும் எவனையும் தொடமாட்டான்."

"யானைய வெரட்ட நீங்க வெடி வாங்குனீங்க. அது பக்கத்து வீட்டு அண்ணனோட ராகிக் காட்டுக்குப் போச்சு. அந்த அண்ணன் அதவிடப் பெரிய வெடியா வாங்குனாரு. இப்ப ரெண்டு வீட்லயும் மூட்டையா கெடக்குது. யானை பயப்படுதா?" என்றார் அந்தம்மா.

"அது பழகிக்கிச்சு."

"எனக்குத்தான் அடுப்புப் பத்த வைக்கப் பயமா இருக்குது."

அவர் சிரித்தார். "சரி, யாரு மொதல்ல தூக்கிப் போடறது?"

"நேத்தே போட்டாச்சு. நானும் அந்த வீட்டு அக்காவும் ரெண்டு வீட்டு வெடியையும் தண்ணித் தொட்டியில முக்கிட்டோம். அவங்க எண்ணறத நான் பாத்தேன், நான் எண்ணறத அவங்க பாத்தாங்க. இனிமே ரெண்டு காட்டுக்கும் ஒரே பரண், மொறை வச்சுக் காவலு."

மத்திகிரி வந்ததும், அவர் அந்தம்மா பக்கம் சாய்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வைக்கோல் போருல ஒரு கட்டு வெடி ஒளிச்சு வச்சிருக்கேன்."

அந்தம்மா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

"தெரியும். நாங்க மொதல்ல நனைச்சதே அதத்தான்."