வாயில் தண்ணீர், தொட்டியில் பாசி

வடக்குத்து போகும் டவுன் பஸ்ஸில், குவார்ட்டர்ஸ் குழாயில் பிடித்து வந்த தண்ணீரை ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன். முன்சீட்டில் ஒருவன் சொன்னான்:

"தண்ணி நல்லா பச்சையாயிடுச்சு மாமா. இனிமே பயமில்ல."

பயம் எனக்கு வந்தது. விழுங்க மனமில்லை, துப்ப ஜன்னலோரமும் இல்லை. கன்னம் உப்பியபடி உட்கார்ந்திருந்தேன்.

அவன் பக்கத்திலிருந்த மாமா சீறினார். "சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ற தொட்டிய எவனாச்சும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பானாடா? உன்ன கான்ட்ராக்ட்ல சேர்த்துவுட்ட எனக்கும் சேர்த்துல்ல வேலை போயிருக்கும்!"

சாக்கடை என்றதும் என் கன்னம் இன்னும் உப்பியது.

"ஆபீசர் வராருன்னாங்க. வந்தா எல்லாத்தையும் கழுவி பளபளன்னு வைக்கிறதுதானே மாமா இங்க வழக்கம்?"

"அவரு பாக்க வர்றதே பாசியத்தான்டா! பாசி வுடுற காத்துல பாக்டீரியா பொழைச்சுக்கினு அழுக்கத் தின்னும். அதுல மிஞ்சுற உரச்சத்த பாசி உறிஞ்சிக்கும். புருசன் பொண்டாட்டிய நீ பிரிச்சு வுட்டுட்ட."

"அதான் பக்கத்துத் தொட்டியிலேர்ந்து பாசி மொண்டு ஊத்தி வளத்துட்டேனே. அவரும் நாள் தள்ளி இன்னிக்குத்தான வந்தாரு. பாத்துட்டு, 'பச்சை நல்லா புடிச்சிருக்கு, போய் வேலையப் பாரு'ன்னுட்டாரு."

"அடுத்த தடவ ஆபீசர் வந்தா?"

"வாசல மட்டும் கழுவுறேன்."

"எந்தத் தண்ணியில?"

"குழாத் தண்ணியிலதான் மாமா. தொட்டித் தண்ணிதான் பூரா பார்க் செடிக்குப் போயிடுதே."

நான் அப்போதுதான் விழுங்கினேன்.