ஆறு கட்டையில் ஒரு பாட்டு

சேர்ந்திசைக் குழுவுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுப்பது, முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே கடையில் செருப்பு வாங்குவது மாதிரி. யாருக்காவது கடிக்கும். யாருக்கு எங்கே கடிக்கும் என்பது தெரிந்தவன்தான் அந்த வேலைக்கு லாயக்கு.

இருபத்திரண்டு வருடம் அதைச் செய்தவன் நான். யார் மூச்சு எந்த வரியில் தீரும், யார் குரல் எங்கே உடையும், எல்லாம் அத்துப்படி. அதனால்தான் விசாரிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், புரிகிறது. மறைக்க ஒன்றுமில்லை.

ஆண்டு விழாவுக்கு முந்தின கூட்டத்தில் என் தங்கை எழுந்தாள். "அண்ணன் எடுக்கிற பாட்டுக்குக் கைதட்டல் எங்க வருது? கொட்டாவிதான் வருது" என்றாள். அத்தனை பேரும் ஈ என்று இளித்தார்கள். அவளுக்குத் தனிக்குரலாகப் பாடும் வாய்ப்பை வாங்கிக் கொடுத்ததே நான். அன்றைக்கே பாட்டு எடுக்கும் பொறுப்பை அவளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு பற்றி எரிந்தது. இன்னும் எரிகிறது.

அவள் எடுத்தது நல்ல பாட்டு. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்போதுதான் அவள் தொண்டையில் ஒரு கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். மருத்துவரிடம் கூட்டிப் போனதும் நான்தான். "உச்சத்துக்குப் போகாதீங்கம்மா. மறுபடி கிழிஞ்சா குரல் திரும்ப வராது" என்று அவர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதற்காகவே நாலு கட்டைச் சுருதியில் அடங்கும் பாட்டாகப் பார்த்து எடுத்திருந்தாள். கெட்டிக்காரி.

எங்கள் குழுவில் என் கீபோர்டு கொடுப்பதுதான் சுருதி. வேறு யாரும் சரிபார்ப்பதில்லை. அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் விரல் அதே இடத்தில் இருக்கும், ஒலி மட்டும் அரைக் கட்டை ஏறும். வாரம் ஒரு முறை அழுத்தினேன். அவ்வளவுதான்.

"என்னண்ணா, இன்னைக்கு இப்படி இழுக்குது?" என்று கேட்டாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படித்தாம்மா இருக்கும். பயப்படாம நல்லா திறந்து பாடு."

திறந்து பாடினாள். நான் சொன்னால் கேட்பாள், பாவம்.

நாலாவது வாரம் மேடை. ஆறு கட்டை. தனிக்குரலின் மூன்றாவது வரியில் துணி கிழிவது போல ஒரு சத்தம், பிறகு காற்று மட்டும் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. யாரும் கொட்டாவி விடவில்லை.

இப்போது சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறாள். போன வாரம் எழுதிக் காட்டினாள்: "தப்பான பாட்டை எடுத்தது நான்தான். இனிமே நீயே எடு அண்ணா."

எடுத்துவிட்டேன். தனிக்குரலே இல்லாத பாட்டாகத் தேடி எடுத்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப் போகிறவள், அவள் மனசு நோகக் கூடாது இல்லையா.