பன்னிரண்டு கரப்பானும் ஒரு டாக்டரும்

– மிதிச்சிடாத நைனா. அந்தக் கரப்பானுக்கு வாய் முழுசா வேணும்.

– ஏன், அதுகிட்ட எதுனா பேசப் போறியா?

– வாயத்தான் நாளைக்கு பிராக்டிகல்ல தனித்தனியா பிரிச்சிக் காட்டணும். ஆளுக்கு நாலு புடிச்சாரச் சொன்னாங்க ஜெயம் மேடம். நான் தாராள மனசுக்காரன், பன்னெண்டு புடிச்சேன்.

– புடிச்சவன் டப்பாவ மூட மாட்டியா, ராஜ்கமலு?

– மூச்சு முட்டுமேன்னு மூடிய லேசா தொறந்து வச்சேன். இரக்கம்.

– அந்த இரக்கம் நேரா போயி கோவிந்தராசு வேட்டிக்குள்ள ஏறிடுச்சி. ஒங்கக்காவுக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளைக்கு சித்தப்பா. கல்யாணப் பத்திரிகை புரூப்பு காட்ட வந்த மனுசன். அறுபது வயசுல ஒருத்தரு அப்படி ஆடி நான் பாத்ததில்ல.

– கேசரியையும் கொட்டிட்டாரு. அதுல ரெண்டு குடித்தனம் வந்துடுச்சி பாரு.

– ஆடினதோட போயிருந்தா பரவால்ல. "மிதிக்காதீங்க, எங்க விலங்கியல் லேபுக்கு வேணும்"னு கத்தினது யாரு?

– நாந்தான். அந்த நேரத்துல மார்க்குதான் பெருசா தெரிஞ்சிது.

– ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டே கேக்கறாரு, டாக்டர் படிப்புல கரப்பானுக்கு என்னப்பா வேலைன்னு.

– நல்ல கேள்வி. இந்த வூட்ல ரெண்டு வருசமா யாரும் கேக்காத கேள்வி. சோபாவுக்கு அடியில ஒண்ணு போவுது, தொடப்பத்தக் குடு.

– இந்தா. எத்தினி ஆச்சி?

– ஒம்போது. அந்த புரூப்ப எடு. "நல்வரவை விரும்பும்"னு போட்டு கீழ என் பேரு எப்படி இருக்கு, படி.

– கண்ணாடிய காணம்.

– மூக்கு மேலதான் இருக்கு. சரி, நானே படிக்கறேன். டாக்டர் ஆ. ராஜ்கமல். தாமரையக்கா கல்யாணத்துக்கு வர்ற ஐநூறு பேரும் இதப் படிப்பான். பந்தியில எவனாவது நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சா என்னத்தான் கூப்புடுவான். நான் போயி அவருக்கு உணர்கொம்பு இருக்கான்னு பாத்துட்டு வருவேன்.

– நம்ம சாரம் ஏரியாவுல எல்லாரும் டாக்டர் தம்பின்னுதான சொல்றாங்க.

– சொல்றாங்க. செல்வாம்பாள் அக்கா போன வாரம் எக்ஸ்ரேவோட வந்து நின்னாங்க. வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, எலும்பு இருக்கு, ஆனா பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்கன்னேன். அதுக்கே ஒரு சீப்பு வாழைக்கா குடுத்துட்டுப் போனாங்க.

– வறுவல் நல்லாருந்திச்சி.

– நைனா.

– சொல்றேன். கோவிந்தராசு கெளம்பறப்போ ஒண்ணுதான் கேட்டாரு. சாயங்காலம் அச்சுக்குப் போவுதாம், தம்பி பேருக்கு முன்னாடி என்ன போடறதுன்னு போன் பண்ணச் சொன்னாரு. பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லியாம்.

– என்ன சொல்லப் போற?

– இதோ பத்து. கதவு சந்துல இருந்திச்சி.

– பேச்ச மாத்தாத. எனக்கு இந்தப் படிப்பு புடிச்சிருக்கு. கரப்பான் வாய ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டே இருப்பேன், அலுக்காது. ஆனா தெருவுல ஒருத்தர்கிட்ட இத சொல்ல முடியல, நான் டாக்டராச்சே. நான் விலங்கியல் படிக்கறது ஒனக்கு அவமானமா? நேரா சொல்லிடு.

– அவமானம்னு எவன் சொன்னான்?

– பின்ன எதுக்கு அந்தப் பொய்யி?

– நீட்டு ரிசல்ட்டு வந்தப்போ ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டியே, நாவகம் இருக்கா? மூணு நாளு. தண்ணி கூட ஜன்னல் வழியாதான் வாங்கின. எழவு வூட்டுக்கு வர்ற மாதிரி தெருவே வாசல்ல வந்து நின்னுச்சி. அவங்க பாவம் பாவம்னு பேசறது உள்ள ஒன் காதுல விழுமேன்னு, டாக்டர் சீட்டு கெடச்சிடுச்சி போங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். வாசல் காலியாச்சி. ஒரு மணி நேரம் கழிச்சி நீ கதவத் தொறந்து, பசிக்குதுன்ன.