ஆணித்தலையில் விபூதி

உங்கள் ஸ்டேஷன் நல்ல அமைதியான இடம், இன்ஸ்பெக்டர் ஐயா. பின்பக்கம் அவ்வளவு பெரிய வேப்பமரம் நிற்கிறது, ஒரு பூச்சியின் சத்தம்கூடக் கிடையாது. பியானோ வைக்கத் தோதான அறை. கரையான் மட்டும் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் ஆண்டிச்சாமி, வயது ஐம்பத்துநான்கு. பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஆள் வேண்டுமென்றால் சொக்கிகுளத்து வக்கீல் வீடுகளிலிருந்து வாடிப்பட்டிப் பாதிரியார் பங்களா வரைக்கும் என் பெயரைத்தான் சொல்வார்கள். மதராஸில் ஒரு வெள்ளைக்காரர் கடையில் பதினோரு வருஷம் கிடந்து பழக்கிய காது இது. மதுரை வெயிலுக்குப் பியானோப் பலகை வெடிக்கும், ஐப்பசி மழைக்கு ஊதிப்போகும், உள்ளே இருக்கும் கம்பளியைப் பூச்சி தின்னும். இதையெல்லாம் ஒரு நல்ல தச்சன் சரிசெய்துவிடுவான். ஆனால் இருநூற்றுச் சொச்சம் கம்பி, ஒவ்வொன்றும் ஓர் ஆணியில் சுற்றியிருக்கும். சாவியைப் போட்டு மயிரிழை திருப்பி, சரியான இடத்தில் நிறுத்துவது காது மட்டுமே செய்கிற வேலை.

மருது என் தங்கை முருகம்மாளின் புருஷன். உசிலம்பட்டிப் பக்கத்துத் தச்சன். கல்யாணமான வருஷமே என்னோடு சேர்த்துக்கொண்டேன். மரவேலையும் கம்பளி மாற்றுவதும் அவன் பொறுப்பு, சுருதி என் பொறுப்பு. ஒரே வீடு, ஒரே உலை. நான் சாப்பிட உட்காராமல் அவன் உட்காரமாட்டான். கூடவே இருந்து கேட்டுக் கேட்டு அவனுக்கும் காது பழகிவிட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிழைத்துப் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

போன தை மாதம் வக்கீல் விஸ்வேஸ்வரன் வீட்டில் வேலை. முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபோது அவருடைய மகள் ஸ்யாமளா காபி கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டில் வாசிக்கிறவள் அவள்தான்.

"நாளைக்கு மருது எத்தனை மணிக்கு வருவார்? நாங்க கோவிலுக்குக் கிளம்பணும்" என்றாள்.

"மருது எதுக்கும்மா?"

"நீங்க சுருதி சேர்த்துட்டுப் போனா மறுநாள் அவர் வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போவாரே. ரெண்டு வருஷமா..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னார். மறந்தே போயிட்டேன்."

காபியை மிச்சம் வைக்காமல் குடித்தேன். அது அந்த வீட்டுக்குக் கொடுக்கிற மரியாதை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது, ஐயா. அதை மறைக்க மாட்டேன்.

ஒரு பெண் சொன்ன சொல்லை வைத்து மட்டும் ஒருவனைக் குற்றவாளி ஆக்கக்கூடாது, இல்லையா? உங்களுக்கும் அதுதானே சட்டம். அடுத்த மூன்று வீடுகளில் வேலை முடிந்ததும் ஒவ்வோர் ஆணியின் தலையிலும் துளி விபூதி தொட்டு வைத்தேன். வீட்டுக்காரர்கள் என் பக்தியை மெச்சினார்கள். சாவி போட்டுத் திருப்பினால் விபூதி அழிந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். இரண்டு நாள் கழித்து, ஏதோ சாமானை மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லிப் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். மூன்று வீட்டிலும் ஒரே மாதிரி. கீழ்க்கட்டை, நடுக்கட்டை ஆணிகளில் விபூதி அப்படியே இருந்தது. வலது கோடியில் இருக்கும், கீச்சுக்குரலில் ஒலிக்கிற மேல்கட்டை ஆணிகளில் மட்டும் துளிகூட இல்லை.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது கேட்டேன். "எங்க போயிட்டு வார, மாப்ள?"

"கோச்சடை வரைக்கும், மச்சான். மரம் பாக்கப் போனேன்."

கண்ணைப் பார்த்துச் சொன்னான். என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, என் தங்கையைக் கட்டிக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் என் வேலையில் கை வைக்கிறவன் அப்படித்தான் சொல்வான். மேல்கட்டையை மட்டும் ஏன் தொட்டான் என்று நான் நிறைய யோசித்தேன். அந்தக் கம்பிதான் இருப்பதிலேயே மெல்லிசு. இழுத்து விட்டால் பட்டென்று அறும். அறுந்தால் பழி யாருக்கு? எனக்குத்தானே? வேறு காரணம் இருக்க வழியில்லை.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எங்கள் வீட்டில் தப்பாது. நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக அவன் காதில் நான் விடுவேன், என் காதில் அவன் விடுவான். காது எங்கள் பிழைப்பு என்பதால் அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே நான்தான். கம்பளிக்குப் பூச்சி வராமல் பூசுகிற மருந்து எங்கள் பெட்டியில் எப்போதும் இருக்கும். அந்தச் சீசாவைத்தான் மேஜைமேல் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அவனுடைய கிண்ணத்தில் கொஞ்சம் கலந்தேன். நிறைய இல்லை. எனக்கு எதையும் அளவாகச் செய்துதான் பழக்கம்.

"எரியுதே, மச்சான்" என்றான்.

"மிளகு கூடிருச்சு போல. செத்த பொறு மாப்ள."

பொறுத்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபக்கம் திரும்பி இன்னொரு காதை அவனேதான் காட்டினான். நான் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் என் காதில் அவன் விட்டான். சூடு சரியாக இருக்கிறதா என்று தன் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

இப்படி ஐந்து சனிக்கிழமை. மூன்றாவது வாரமே சீழ் வந்தது. "எண்ணெய் போதாததால்தான்" என்று சொல்லி வாரத்துக்கு இரண்டு முறையாக்கலாமா என்றுகூட நினைத்தேன், செய்யவில்லை. காய்ச்சல் கண்டபோது ஜட்கா வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன் நான்தான். இரண்டு காதும் போய்விட்டது, இனி இடி இடித்தாலும் கேட்காது என்று டாக்டர் சொன்னார். முருகம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றியவனும் நான்தான். கிண்ணத்தைக் கழுவும்போது அடியில் படிந்திருந்ததை மோந்து பார்த்தாளாம். அந்த மருந்து வாடையிலேயே வளர்ந்தவள். கூடப் பிறந்தவன் என்றும் பார்க்காமல் நேரே இங்கே வந்துவிட்டாள். பாருங்கள், என் வீட்டில் எல்லோருமே எனக்குத் துரோகம் செய்திருக்கிறார்கள்.

மருது கொடுத்த வாக்குமூலத்தைக் காலையில் வாசித்துக் காட்டினீர்கள். "மச்சானுக்கு ரெண்டு வருசமா மேல்கட்டை கேக்கலை. சொன்னா மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு. ஊருக்குத் தெரிஞ்சா எடுத்த பேரெல்லாம் போயிரும். அதான் பின்னாடியே போயி சரி பண்ணிட்டு வந்தேன். எண்ணெயில மருந்து எப்படி வந்துச்சோ தெரியலை. மச்சான் செஞ்சிருக்க மாட்டாரு." இதை நீங்கள் வாசித்தபோது உங்கள் குரல் கொஞ்சம் இறங்கியதைக் கவனித்தேன். என் காது அவ்வளவு கூர்மை.

அதனால்தான் யாரும் அடிக்காமல் உதைக்காமல் நானே சொல்கிறேன். செய்தது நான். தெரிந்து செய்தேன். செவிடன் போடுகிற பிச்சையில் நான் தப்பிக்க வேண்டியதில்லை. போன மாதம்கூட ஸ்யாமளா ஆள் அனுப்பினாள், மேல்கட்டை எல்லாம் நாராசமாக இருக்கிறதாம். போய் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தேன். ஒரு பிசகு இல்லை. பாவம், அந்தப் பெண்ணின் மனதையும் கெடுத்து வைத்திருக்கிறான்.

எழுதியாகிவிட்டதா? கையெழுத்துப் போடுகிறேன். ஆமாம், உங்கள் ஏட்டு பேயாண்டி எதற்கு இந்த வெக்கையில் ஜன்னலைச் சாத்துகிறார்? என்ன சொல்கிறார்? வேப்பமரத்துச் சில்வண்டுக் கூப்பாடு காலையிலிருந்து காதைத் துளைக்கிறதா?

எந்தச் சில்வண்டு, ஐயா?