ஒன்பது பேர் கேட்ட குரல்

கிறிஸ்பின் எனக்குத் தர வேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூற்றைம்பது பெசோ. ஒரு செல்போனின் பாதி விலை. அதை நான் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

அதிகாரி அம்மா, நீங்கள் விசாரணையை முடித்து பைலை மூடிவிட்டீர்கள். விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். சாட்சிகள் ஒன்பது பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "நிக்கானோர் குரல் குடுத்தாரு, எங்க காதால கேட்டோம்." அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அது சரியில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் ஐம்பத்தொரு வயதில் எழுத்துப் படித்தவன், மெதுவாகத்தான் போவேன்.

சந்தையில் நான் வண்டி தள்ளுகிறவன். இரண்டு சக்கரம், ஒரு இரும்புத் தகடு. சாத்தான் என்போம் அதை. முப்பது வருஷமாகக் காலையில் வாடகைக்கு எடுத்து மதியம் திருப்பிக் கொடுக்கிறேன். சுமையோடு சரிவில் இறங்கும்போது அதை நிறுத்த முடியாது. எங்களுக்கு பிரேக் என்பது வாய்தான். "அடி வருது, அடி வருதூ" என்று கத்த வேண்டும். கத்தியும் விலகாதவன்மேல் இடித்தால் தப்பு அவனுடையது. கத்தாமல் இடித்தால் தள்ளுகிறவனுடையது. சந்தைக்குள் இதற்கு மேல் சட்டம் கிடையாது. என் கத்தல் மூன்று கடைவரிசைக்கு அப்பால் கேட்கும். மிளகாய்க் கடை ரெமேதியோஸ் அம்மா, "நிக்கானோர் சத்தம் கேட்டுதான் நான் மணி பாக்குறது" என்பாள். தினமும் சோளமாவில் அவித்துக் கொண்டுவரும் தமாலில் முதல் தமாலை எனக்குத்தான் எடுத்து வைப்பாள்.

கிறிஸ்பின் எனக்குப் பக்கத்தில் வண்டி தள்ளியவன். முப்பத்தாறு வயது. அவன் மகளுக்கு நான்தான் ஞானத்தகப்பன். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். உலகக் கோப்பை எங்கள் ஊருக்கு வரப்போகிறது என்றதும் ஒரு நல்ல செல்போன் வாங்கலாம் என்றான். ஏஐ வைத்து வீடியோ செய்யலாமாம், நாம் எழுதினால் போதுமாம், அதுவே படம் வரைந்து ஓடவிடுமாம். முழுப் பணமும் நான் போட்டேன். பாதி அவன் பிறகு தருவதாகப் பேச்சு.

சந்தைக் காய்கறிகள் பந்து விளையாட வேண்டும் என்று சொன்னது நான். பச்சை மிளகாய்தான் நம் அணி என்றதும் நான். எழுதத் தெரிந்தவன் அவன்.

"கொம்பாத்ரே, ஒருதடவ கத்துங்க, சும்மா," என்று செல்போனை என் வாயருகே நீட்டினான் ஒருநாள். கத்தினேன். அந்த வாரம் வந்த வீடியோவில் என் மீசையோடு ஒரு கிழவன், வண்டியில் பந்தை வைத்துத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் வருகிறான். "அடி வருதூ" என்று, ஏஐ என்னைக் கேட்டுச் செய்த என் குரலில் கத்துகிறான். உருளைக்கிழங்குகள் சிதறி ஓட, மிளகாய் கோல் போடுகிறது. பதினெட்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதன் பிறகு நான் கத்தினால் யாரும் விலகுவதில்லை. சிரித்தார்கள். அவகாடோ கடைப் பெண்கள் வழியை மறித்து நிற்பார்கள்.

"தாத்தா, வீடியோல வர்ற மாதிரி கத்துங்களேன்."

"அது நான்தாம்மா."

"போங்க தாத்தா. அவரு இன்னும் நல்லாக் கத்துவாரு."

முதல் தமால் கிறிஸ்பினுக்குப் போக ஆரம்பித்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையாவது நாளில் மாறியது என்பது மட்டும் நினைவிருக்கிறது. பதினோராவது நாள்.

நானும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். நான்கு மாதம் பென்சில் பிடித்தேன். பழைய செல்போன் ஒன்றில் நானே எழுதிப் பார்த்தேன்: 'தக்காளி ஓடணும், கோல் போடணும்.' மனுஷக் கால் முளைத்த ஒரு தக்காளி வந்து, பாதி வழியில் உடைந்து, ரத்தம் மாதிரி ஒழுகியது. பதினான்கு பேர் பார்த்ததாகக் காட்டியது. அதில் ஒன்பது தடவை நான்.

கிறிஸ்பின் அதைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு கொம்பாத்ரே. கொஞ்சம் விளக்கமா எழுதணும், அவ்வளவுதான்," என்றான். கேலி செய்யவில்லை. கேலி செய்திருக்கலாம்.

பணம் தர மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும், "இருக்கட்டும், வீட்டுக்குச் செலவு பண்ணு," என்றேன். அவன் எனக்குக் கடன்பட்டவனாக இருந்தவரை எனக்கு மூச்சு சீராக வந்தது. சந்தையே அவனை வணங்கினாலும் அவன் என்னைப் பார்க்கும்போது கண்ணைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டியிருந்தது, பாருங்கள்.

ஜூன் மாதம், முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள். காலை பத்து மணி இருக்கும். வண்டி எடுக்கிற இடத்தில் வந்து நின்றான். புதுச் சட்டை போட்டிருந்தான்.

"இன்னிக்கு கடைசி நாள் கொம்பாத்ரே. ஒரு ஜூஸ் கம்பெனிக்காரன் வீடியோவுக்கு மாசச் சம்பளம் தர்றேங்கிறான். உங்க காசையும் இன்னிக்கு வாங்கிக்கணும். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"மத்தியானம் பாத்துக்கலாம்," என்றேன்.

பதினொன்றரைக்கு மிளகாய் வரிசையிலிருந்து தக்காளி வரிசைக்கு இறங்கும் சரிவில் வந்தேன். பதினாறு பெட்டி, நானூறு கிலோ. சரிவின் அடியில் கிறிஸ்பின் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவகாடோ கடைப் பெண்களும் சுமைக்காரர்களும் அவனைச் சுற்றி அரைவட்டமாக நின்று அவன் கையிலிருந்த செல்போனில் புது வீடியோ பார்த்தார்கள். அவன் மட்டும் வழியில் நின்றான். இருபது அடி தூரம். இருபது அடி என்றால் இரண்டு தடவை கத்தலாம்.

அப்போது செல்போனிலிருந்து என் குரல் வந்தது. "அடி வருது, அடி வருதூ." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், முதுகு குலுங்கியது.

குரல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். என் குரல்தான் அது. நான் கத்தியிருந்தாலும் வீடியோ என்றுதான் நினைத்திருப்பான். பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், இதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

கைப்பிடியைக் கொஞ்சம் அவன் நின்ற இடது பக்கம் திருப்பினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வலது பக்கம் சுவர் வரை காலியாக இருந்தது. கத்துவதற்கு மூச்சு இழுத்து வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். சவப்பெட்டியின் முன்பக்கத்தை நான்தான் தூக்கினேன்.

அம்மா, நான் திருத்தச் சொல்வது ஒன்றுதான். ஒன்பது பேர் கேட்டது என்னை அல்ல. அது செல்போன். என் கத்தலில் கடைசி இழுப்பு மேலே ஏறும். வீடியோவில் அது கீழே விழும். முப்பது வருஷம் கேட்ட ஒருத்தருக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று நான் வாயைத் திறந்து ஒரு சத்தமும் விடவில்லை. அதை என் பெயரில், சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அவன் மனைவி ஒத்திலியா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். சுமைக்காரர்கள் அடக்கச் செலவுக்கு வசூலித்துக் கொடுத்த பணத்தின் மிச்சத்தை ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள். வசூலில் நானும் இருநூறு போட்டிருந்தேன்.

"உங்க காசு கொம்பாத்ரே. கடைசியா அவரு பேசினதே இதத்தான்."

மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வாங்க மறுத்தால் அவன் கடனோடு போய்ச் சேர்ந்தவன் என்று ஆகிவிடும். அந்த அவமானம் அவனுக்கு வேண்டாம் என்றுதான் கை நீட்டினேன்.

எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.