வெள்ள அறையில் ஒரு சங்கு

நிஜ மழையைப் பதிவு செய்தால், ஐயா, எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரிதான் கேட்கும். தகரத் தட்டில் அரிசியைக் கொட்டித்தான் எங்கள் அருங்காட்சியகத்தின் மழையை நான் செய்தேன். யாரும் குறை சொன்னதில்லை.

நகரத்தின் கதையை அறை அறையாகச் சொல்கிற இடம் அது. டிராம் வண்டியின் மணி, மூடிப்போன ஆலையின் கடிகாரம் என்று கண்ணாடிப் பெட்டிகளில் பொருள்கள், சுவரெல்லாம் ஒலிபெருக்கிகள். ஒலி முழுக்க என் பொறுப்பு. கடைசி அறை வெள்ளத்துக்கு. அணையைத் திறந்த இரவில் ஒரு குடியிருப்பே மூழ்கியதே, அந்த வெள்ளம். நடுவில் தையல்கார அக்காவின் மெஷின், சேறு காய்ந்த தடத்தோடு. பக்கத்தில் அவள் மகளின் ஒற்றைச் செருப்பு.

அன்று அணையில் வேலையில் இருந்தவன் என் அண்ணன். அபாயச் சங்கை ஊத வேண்டியவன். ஊதவில்லை, தூங்கிவிட்டான். அசதி, மனுஷன்தானே. அவன் மேல் நடந்த வழக்கில் அக்காதான் விடாப்பிடியாக நின்றாள். "சங்கு ஊதியிருந்தா என் புள்ளையத் தூக்கிட்டு ஓடியிருப்பேன்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள். நான் அவனுக்குத் தம்பி என்பது அவளுக்குத் தெரியாது. அண்ணி என் வீட்டுக்கு வந்து வழக்குத் தாள்களை என் முன்னால் வைத்துவிட்டுப் போவாள். எனக்குத் தாங்கவில்லை.

அதனால் மழைக்கு அடியில் ஒரு சங்கைச் சேர்த்தேன். முதலில் தவளைச் சத்தத்தைவிட மெல்லியதாக. கேட்டதா இல்லையா என்று உங்களாலேயே சொல்லியிருக்க முடியாது. பிறகு அவ்வப்போது ஒரு துளி கூட்டினேன். அக்கா வாரம் தவறாமல் செருப்பைப் பார்க்க வருவாள். பெஞ்சில் அவளுக்கு மெத்தை போட்டுக் கொடுத்தது நான்தான். ஒலி அந்த இடத்தில்தான் சரியாக விழும்.

ஒரு நாள் அவள் சட்டென்று தலையைத் தூக்கினாள். வெளியே வந்து, "தம்பி, அன்னைக்கு எனக்கு ஏதோ கேட்ட மாதிரிதான் இருக்கு" என்றாள். "நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா" என்றேன். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

நீதிமன்றத்தில் அவளே சொன்னாள்: "ஊதுச்சுங்க. நான்தான் எந்திரிக்கல." அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்திருந்த மற்ற குடியிருப்புக்காரர்களும் ஆமாம் போட்டார்கள். அண்ணன் விடுதலையானான். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இதில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அக்கா இப்போது தினமும் வருகிறாள். சங்கு ஊதியதும் எழுந்து போய்ச் செருப்புப் பெட்டியின் கண்ணாடியைத் தட்டி, "எந்திரிடி, எந்திரி" என்கிறாள்.

இரக்கமே இல்லையா என்று கேட்கிறீர்கள். போன வாரம் அவள் என்னைத் தேடி வந்தாள். "தம்பி, அந்தச் சங்கை இன்னும் கொஞ்சம் சத்தமா வைப்பியா? இந்தத் தடவையாவது எந்திரிச்சிடுறேன்" என்றாள்.

வைத்தேன், ஐயா. அக்கா கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.