பன்னிரண்டாவது ஆள்

பீன்ஸும் இறைச்சியும் போட்டு வேகவைத்த இந்தச் சில்லியில் உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலை அதில் தோய்த்துச் சாப்பிட்டால் தெரியாது. கட்சியின் மாவட்டக் கமிட்டியிலிருந்து மூன்று பேர், அன்றைக்கு ஓர் ஆள் எப்படிக் குறைந்தது என்று விசாரிக்க, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக என் சமையலறைக்கு வந்திருக்கிறீர்கள். வெறும் காபியோடு அனுப்பினால் நன்றாக இருக்காது. உட்காருங்கள். அந்த ஜன்னலோர நாற்காலி மட்டும் வேண்டாம், ஜோலீன். அதற்கு ஆள் இருக்கிறது.

பெயர் மெர்லின் டீட்ஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். நாற்பத்தோரு வருடம் இந்த ஐயோவாவின் வெஸ்ட் நோரா தானியக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொண்டவன். மக்காச்சோள லாரி மேடையேறி நின்றால், டிரைவர் உள்ளே இருக்கிறானா, இறங்கிவிட்டானா என்று முள்ளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆகவே, "வயசானவர், எண்ணிக்கையில் தவறிவிட்டார்" என்று பெருந்தன்மையாக எழுதி முடிக்க நினைத்தால், வேண்டாம். அது என் தொழிலுக்கு இழுக்கு.

வெண்டல் ஆம்ஸ்டட் இந்த வீட்டுக்கு முதலில் வந்தது போன வருடம் மார்ச்சில். வேட்பாளரைப் பார்க்க ஊரையே அழைத்திருந்தேன். ஏழு நாற்காலி போட்டிருந்தேன். வந்தது பக்கத்து வீட்டு வெர்னா மட்டும். அதுவும், வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க.

"யாருய்யா இவரு, இன்சூரன்ஸ் ஆளா?" என்றாள்.

"ஜனாதிபதி தேர்தல்ல நிக்கப்போறார்."

"எந்த ஊருக்கு?"

வெண்டல் விழுந்து விழுந்து சிரித்தார். கருத்துக்கணிப்பில் அவர் பெயருக்கு நேரே எண்கூடக் கிடையாது, ஒரு நட்சத்திரக் குறிதான். ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று அர்த்தம். ஆனால் வெளிமாநிலத்தார் எல்லோரும் முகம் சுளிக்கிற இடத்தில், யாரும் சொல்லாமலே ரோலைப் பிய்த்து சில்லியில் தோய்த்தார். என் நாய் கஸ்ஸுக்கு இடது காது கேட்காது என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த தடவை வந்தபோது வலப்பக்கம் குனிந்து அதனிடம் பேசினார். என் மனைவி ஆர்லிஸ் போனபிறகு இந்த மேஜையில் என்னைத் தவிர இன்னொருவர் இரண்டாவது கிண்ணம் கேட்டது அன்றைக்குத்தான். எதற்கு இதைச் சொல்கிறேன்? ஒன்றுமில்லை, விவரம் முழுசாக இருக்கட்டும் என்றுதான்.

பதினோரு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் அந்த ஜன்னலோர நாற்காலிதான்.

ஊரில் என்னைப் பார்த்தாலே கேலி. "என்ன மெர்லின், உன் ஆளு வெள்ளை மாளிகைக்குத் திரைச்சீலை அளவெடுத்தாச்சா?" என்பான் விதைக்கடை டுவெய்ன். நான் சளைக்கவில்லை. வீடு வீடாகப் போனேன். பனியில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். ஒருமுறை விழுந்த இடத்திலேயே ஒரு வாக்கு கிடைத்தது. வெர்னாவே கடைசியில், "சரிப்பா, உன் தொல்லை தாங்கல, தேர்தலன்னிக்கு உன் மூலையிலேயே வந்து நிக்கிறேன்" என்றாள்.

டிசம்பரில் ஒரு விவாதத்தில் வெண்டல் நன்றாகப் பேசிவிட்டார். நட்சத்திரம் ஐந்தாகி, ஒன்பதாகி, பதினாலானது. பிரசார பஸ் வந்தது, பஸ்ஸில் அவர் முகம் வந்தது. அவர் மட்டும் வரவில்லை. பக்கத்து ஊர்க் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று கை கொடுத்தேன். பளிச்சென்று சிரித்து, "உங்களைச் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்" என்றார். முதல்முறை பார்ப்பவரிடம் சொல்கிற மாதிரி.

எனக்கு வருத்தமில்லை. மனுஷன் களைத்துப் போயிருந்தார், அவ்வளவுதான். இப்போதே இப்படி என்றால், ஜெயித்தால் என்ன ஆவார் என்று கவலைப்பட்டேன். அவருக்காக. அந்த வாரமே தொலைக்காட்சியில், "ஐயோவாவில் மூன்றாவது இடமாவது வராவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவேன்" என்று அறிவித்தார். வீட்டுக்கு என்ற சொல்லை எவ்வளவு ஏக்கத்தோடு சொன்னார் என்று நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் கவனித்தேன்.

இனி, நம் கட்சிக்கு ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய அந்தச் சாயங்காலம். லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளம், எழுபத்தெட்டுப் பேர். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: சீட்டுப் போடுவதில்லை, பிடித்த வேட்பாளரின் மூலையில் உடம்போடு போய் நிற்கவேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் இல்லாத மூலை கணக்கில் வராது, அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போய்விடலாம். எழுபத்தெட்டுக்குப் பன்னிரண்டு. எங்கள் மூலையில் என்னையும் சேர்த்துச் சரியாகப் பன்னிரண்டு.

அப்போதுதான் டுவெய்ன் வந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"மெர்லின், இவ்வளவு நாளா உன்னைக் கிண்டல் பண்ணிட்டேன். உங்ககூட நிக்கலாமான்னு பாக்கறேன்."

"எங்களுக்கு ஆள் நிறைய இருக்குப்பா," என்றேன். "உன் மூலைல உன்னைத் தேடுவாங்க, போ."

அவன் தோளைத் தட்டி அனுப்பிவிட்டு, ரோல்களை அடுப்பிலிருந்து எடுக்கவேண்டும் என்று வெர்னாவிடம் சொல்லி, சர்ச் சமையலறைக்குள் போனேன். ரோல்கள் ஏற்கெனவே மேஜையில் இருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை.

பரிமாறும் ஜன்னலின் கதவிடுக்கு வழியாக நானும் எண்ணினேன். பதினொன்று. கூட்டத் தலைவரும் பதினொன்று என்றார். ஆள் சேர்க்கப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். ஒரே ஒருவர் வந்தால் போதும். மற்ற மூலைக்காரர்கள் அதற்குள் எங்கள் ஆட்களைக் கை பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"மெர்லின் எங்கய்யா? யோவ் மெர்லின், ரோலு கெடக்கட்டும், வாய்யா," என்று வெர்னா கத்தினாள். இடுப்பு வலியோடு அவள் கழிப்பறைக் கதவைத் தட்டினாள், மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் சாமான் அறைக்குள், டப்பா பீச் பழங்களுக்கும் காபித் தூளுக்கும் நடுவே ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரோல் சாப்பிட்டேன். நன்றாக வந்திருந்தது.

பதினாறாவது நிமிடம் வெளியே வந்தேன். எங்கள் மூலை காலி. வெர்னா எதிர் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எங்கதான்யா போய்த் தொலைஞ்சே?" என்றாள். வயிறு சரியில்லை என்றேன். பாவம், மறுநாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள்.

மிச்சம் பேப்பரில் வந்ததுதான். மாநிலம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் மூன்றாவது இடத்துக்கும் நான்காவது இடத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம், எங்கள் மூலைக்குக் கிடைத்திருக்கவேண்டிய பங்கைவிடக் குறைவு. நான்காவதாக வந்த வெண்டல் மறுநாள் காலையிலேயே போட்டியிலிருந்து விலகிவிட்டார். அவர் ஜனாதிபதி வேட்பாளராக ஆகியிருக்க முடியுமா என்று இன்னமும் தொலைக்காட்சியில் வாதாடுகிறார்கள். முடியும் என்றுதான் நான் நம்பினேன். நம்பாவிட்டால் ஒளிந்திருக்கவே மாட்டேன்.

ஆமாம், செய்தது நான்தான், தெரிந்தே செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெர்னாவுக்கு மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்லவேண்டாம்.

சாப்பிடுங்கள், ஆறிப்போகிறது. அந்த ஐந்தாவது கிண்ணமா? இருக்கட்டும், மூடியை எடுக்காதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து வைக்கிறேன். இப்போது அவருக்கு பஸ் இல்லை, கூட்டமில்லை, நேரம்தான் இருக்கிறது. நான் நான்கு கடிதம் போட்டேன்; பதில் எழுதுவானேன், நேரிலேயே போய்விடலாம் என்று இருப்பார். ஒன்பது வாரம் ஒரு பெரிய விஷயமில்லை. ஜோலீன், நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள், வாசல் மறைக்கிறது.